நம்பகமான கோல்கீப்பர்: பாய்வதற்கு முன்பே முடிந்துவிடும் வேலை

2004 ஆகஸ்டிலிருந்து 2012 அக்டோபர் வரை இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் கோல்கீப்பர் பிராட் ஃபிரீடல் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. பிளாக்பர்ன், ஆஸ்டன் வில்லா, டாட்டன்ஹாம் என்று மூன்று கிளப்புகள், தொடர்ச்சியாக 310 ஆட்டங்கள். இந்தத் தொடர் ஆரம்பித்தபோது அந்த அமெரிக்கருக்கு வயது 33, முடிந்தபோது 41. இடையில் அவருடைய மேலாளர்கள் பலமுறை மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் ஆட்டத்தைப் பற்றி வேறு வேறு கருத்து இருந்தது. ஆனால் சனிக்கிழமை அணிப் பட்டியல் எழுத உட்கார்ந்தால், முதல் வரியில் யார் பெயர் என்பதில் மட்டும் யாருக்கும் குழப்பம் வரவில்லை.

ஒரு கோல்கீப்பரைப் பற்றி அவர் பாய்ந்து தடுத்த காட்சிகளின் தொகுப்பு சொல்வதைவிட இந்த 310 அதிகம் சொல்கிறது என்று நினைக்கிறேன். காற்றில் நீளமாகப் பறந்து, விரல் நுனியால் பந்தைத் தட்டிவிடும் காட்சி யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடிக்கும். ஆனால் 'இவரை நம்பலாம்' என்று ஒரு பயிற்சியாளர் சொல்லும்போது அவர் மனதில் இருப்பது அந்தக் காட்சி அல்ல. பந்து அடிக்கப்படுவதற்கு முந்தைய இரண்டு மூன்று நொடிகளில் கோல்கீப்பர் எடுக்கும் முடிவுகளைத்தான் அவர் சொல்கிறார். அவை சரியாக இருந்தால் பெரும்பாலும் பாயவே வேண்டியிருக்காது.

அரை அடியின் கணக்கு

கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நடுவில் நிற்பவருக்கு ஒவ்வொரு பக்கமும் காக்க வேண்டிய தூரம் மூன்றரை மீட்டருக்கும் மேல். பெனால்டி புள்ளி 11 மீட்டர் தள்ளி இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்படும் பந்து அந்தத் தூரத்தை 0.4 நொடியில் கடந்துவிடும். கண் பார்த்து உடல் அசையத் தொடங்குவதற்கே ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். மிச்சமிருக்கும் நேரத்தில் எந்த மனிதனாலும் ஒரு கம்பத்தின் ஓரம் வரை போய்ச் சேர முடியாது. அதனால் அனிச்சையாகச் செயல்படும் வேகம் எவ்வளவு இருந்தாலும், எங்கே நிற்கிறோம் என்பதுதான் முதலில் தீர்மானிக்கிறது.

பந்திலிருந்து கோலின் நடுப்பகுதிக்கு ஒரு கோடு போட்டால், கோல்கீப்பர் அந்தக் கோட்டின் மேல் இருக்க வேண்டும். பந்து நகர நகர அவரும் சின்னச் சின்ன அடிகளாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதே கோட்டில் முன்னால் வந்தால் அடிப்பவருக்குத் தெரியும் கோல் சிறிதாகும். ரொம்பவும் முன்னால் வந்துவிட்டால் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இதற்கு நடுவில் சரியான இடம் என்பது ஒவ்வொரு நொடியும் மாறிக்கொண்டிருக்கும் ஒன்று. ஆட்டத்தின் 90 நிமிடமும் ஒரு நல்ல கோல்கீப்பர் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார், பந்து எதிர்முனையில் இருக்கும்போதுகூட.

அப்புறம் இன்னொன்று இருக்கிறது. பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது, பார்வையாளர்கள் கவனிக்காதது. ஷாட் அடிக்கப்படும் அந்தக் கணத்தில் கோல்கீப்பரின் இரண்டு கால்களும் தரையில் இருக்க வேண்டும். முழங்கால் லேசாக மடங்கி, எடை முன்பாதத்தில், கைகள் தயாராக. நகர்ந்துகொண்டிருக்கும்போது ஷாட் வந்துவிட்டால், உடலின் எடை ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், எதிர்ப்பக்கம் திரும்ப முடியாது. இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தால் சரியான இடத்துக்குப் போய்விடலாம் என்று தோன்றினாலும், நல்லவர் நின்றுவிடுவார். கொஞ்சம் தவறான இடத்தில் நிலையாக நிற்பது, சரியான இடத்தை நோக்கி ஓடிக்கொண்டிருப்பதைவிட மேல்.

பார்ப்பவர்களை எழுந்து நிற்க வைக்கும் பாய்ச்சல்களில் கணிசமானவை, அரை அடி தவறிய இடத்தைச் சரிக்கட்ட எடுத்தவைதான். எல்லாமே அப்படி என்று சொல்லிவிட முடியாது. 1970 உலகக் கோப்பையில், மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில், பெலே தலையால் முட்டிய பந்தை இங்கிலாந்தின் கார்டன் பேங்க்ஸ் குறுக்குக் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டது உண்மையிலேயே அசாத்தியமானது. ஆனால் அந்தப் படத்தைப் பேங்க்ஸின் கால்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஜெயர்சினோ வலது ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போடும்போது அவர் அந்தப் பக்கத்துக் கம்பத்தருகே நிற்கிறார். பந்து காற்றில் இருக்கும்போதே கோலின் குறுக்கே நகர்ந்துவிடுகிறார். அந்த நகர்தல் இல்லையென்றால் கடைசிப் பாய்ச்சலுக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது.

கிராஸ், அதாவது ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் தூக்கிப் போடும் பந்துகள், வேறு ரகம். இங்கே கேள்வி போவதா, நிற்பதா என்பது. போனால் பந்தைத் தொட்டே ஆக வேண்டும். பாதி வழியில் மனம் மாறினால் கோல் காலியாகக் கிடக்கும். பிடிக்க முடியுமா, குத்தித் தள்ள வேண்டுமா என்பதையும் அந்த நேரத்துக்குள்ளேயே முடிவு செய்ய வேண்டும். நெரிசலில் பிடிக்க முயன்று பந்தை நழுவவிடுவதைவிட, பக்கவாட்டில் தூரமாகக் குத்திவிடுவது பாதுகாப்பானது. கூடவே வாயும் திறக்க வேண்டும். 'நான் எடுக்கிறேன்' என்ற சத்தம் முன்கூட்டியே வந்தால் தற்காப்பு வீரர்கள் வழிவிடுவார்கள், தாமதமாக வந்தால் மோதிக்கொள்வார்கள். கோலை விட்டு முன்னால் வந்து, சத்தம் போட்டுத் தற்காப்பு முழுவதையும் நடத்தும் பாணிக்குப் பெயர் வாங்கித் தந்தவர் சோவியத் யூனியனின் லெவ் யாஷின். 1963இல் ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் டோர் விருது அவருக்குக் கிடைத்தது. இன்றுவரை அந்த விருதைப் பெற்ற ஒரே கோல்கீப்பர் அவர்தான்.

டீனோ ஸோஃப்

நம்பகத்தன்மையை ஒரே மனிதரின் வாழ்க்கையில் காட்டச் சொன்னால் நான் இத்தாலியின் டீனோ ஸோஃபைத்தான் காட்டுவேன். 14 வயதில் உயரம் போதாது என்று இன்டரும் யுவென்டஸும் அவரைத் திருப்பி அனுப்பின. பிறகு வளர்ந்தார். 1961இல் உடினேசே அணிக்காக முதல் டிவிஷனில் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே ஐந்து கோல் வாங்கினார். அதன்பின் மான்டோவா, நாப்போலி. தன்னைத் திருப்பி அனுப்பிய யுவென்டஸுக்கு அவர் போய்ச் சேர்ந்தது 1972இல், 30 வயதில். கோலுக்கு வெளியே, களத்தில் விளையாடும் ஒரு வீரருக்கு அது இறங்குமுகம் தொடங்கும் வயது. ஸோஃப் அங்கே 11 பருவங்கள் ஆடினார், ஆறு லீக் பட்டங்கள் வென்றார், லீக்கில் ஒரு ஆட்டத்தையும் விடாமல் தொடர்ச்சியாக 330 ஆட்டங்களில் களமிறங்கினார்.

1972 முதல் 1974 வரை தேசிய அணிக்காக 1,142 நிமிடங்கள் அவர் கோல் வாங்கவில்லை. 1974 உலகக் கோப்பையில் ஹைதியின் இம்மானுவல் சனோன் அதை முடித்துவைத்தார். நான்கு ஆண்டு கழித்து, 1978 உலகக் கோப்பையில், தூரத்திலிருந்து அடித்த ஷாட்களில் கோல் விட்டதற்காகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டார். வயதாகிவிட்டது, கண் போய்விட்டது என்றெல்லாம் பேச்சு வந்தது. அவர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஆடிக்கொண்டே இருந்தார்.

1982 ஜூலையில் பார்சிலோனாவில் பிரேசிலுக்கு எதிரான ஆட்டம் வந்தது. இத்தாலி 3-2 என முன்னிலை. சமன் செய்தாலே பிரேசில் அரையிறுதிக்குப் போய்விடும். கடைசி நிமிடங்களில் ஆஸ்கர் தலையால் முட்டிய பந்து கோலின் மூலையை நோக்கித் தாழ்வாகப் போனது. ஸோஃப் பக்கவாட்டில் விழுந்து, கோல் கோட்டின் மேலேயே அதைப் பிடித்து அழுத்திவிட்டார். தட்டிவிடவில்லை, பிடித்தார். இதுதான் முக்கியம். தட்டியிருந்தால் அந்த நெரிசலில் திரும்பி வரும் பந்து யார் காலுக்குப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. பிடித்த கை பின்னால் ஒரு அங்குலம் போயிருந்தாலும் கோல் கொடுக்கப்பட்டிருக்கலாம். ஆறு நாள் கழித்து மாட்ரிட்டில், 40 வயதில், கேப்டனாக அவர் உலகக் கோப்பையை வாங்கினார். 1968இல் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றிருந்த அவர், இரண்டையும் வென்ற ஒரே இத்தாலிய வீரர்.

ஒரே ஒரு இடம்

கோல்கீப்பரின் தொழில் வாழ்க்கை மற்றவர்களுடையதைப் போல அமைவதில்லை. ஒரு நடுக்கள வீரருக்கு முதல் பதினொன்றில் இடம் இல்லாவிட்டாலும், கடைசி இருபது நிமிடம் இறக்கிவிடுவார்கள், வேறு நிலையில் முயற்சி செய்வார்கள். கோல்கீப்பருக்கு இரண்டுமே கிடையாது. அணியில் மூன்று பேர் இருப்பார்கள், ஆடுவது ஒருவர். முதல் ஆள் நலமாக இருக்கும்வரை இரண்டாம் ஆள் பெஞ்சில் இருப்பார். ஆண்டுக்கணக்கில்கூட.

அர்ஜென்டினாவின் எமிலியானோ மார்ட்டினஸ் 17 வயதில் ஆர்சனலுக்கு வந்தார். அதன்பின் பத்து ஆண்டுகள் ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு வென்ஸ்டே, ராதர்ஹாம், வுல்வ்ஸ், ஹெட்டாஃபே, ரெடிங் என்று ஆறு கிளப்புகளுக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்பப்பட்டார். 2020 ஜூனில் முதல் கோல்கீப்பர் பெர்ன்ட் லெனோ காயம்பட்டபோது கதவு திறந்தது. அப்போது மார்ட்டினஸுக்கு 27 வயது. சில வாரங்களில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றார், பிறகு ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார், 2021இல் தென் அமெரிக்க நாடுகளின் கோப்பா அமெரிக்காவை வென்றார். 2022 உலகக் கோப்பை இறுதியில் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் பிரான்ஸின் கோலோ முவானியின் ஷாட்டை இடது காலை நீட்டித் தடுத்தார். அதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. உடலை எவ்வளவு அகலமாக விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்து, கடைசிவரை விழாமல் நிற்பது என்பது ஆயிரம் முறை பழகினால்தான் வரும். அந்தப் பழக்கம் பெரும்பாலும் யாரும் பார்க்காத ஆட்டங்களிலும் பயிற்சி மைதானத்திலும் சேர்ந்தது.

தாமதமாகத் தொடங்கினாலும் நீண்ட காலம் ஆட முடிவது இந்த இடத்தின் நல்ல பக்கம். வெளியில் ஆடுபவர் ஒரு ஆட்டத்தில் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார், கோல்கீப்பர் அதில் ஏறக்குறைய பாதி. வேகம் குறைந்தாலும் ஆட்டத்தைப் படிக்கும் அறிவு கூடிக்கொண்டே போகிறது. இங்கிலாந்தின் பீட்டர் ஷில்டன் 1,005 லீக் ஆட்டங்கள் ஆடினார். எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹடாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் இறங்கி, சவுதி அரேபியாவுக்கு எதிராக ஒரு பெனால்டியையும் தடுத்தார்.

ஆனால் உடல் கேட்கும் விலை சின்னதல்ல. விரல், தோள், முழங்கால் எல்லாம் அடிபடும். 2006 அக்டோபரில் ரெடிங் அணிக்கு எதிரான ஆட்டத்தில், முதல் நிமிடத்திலேயே எதிரணி வீரரின் முழங்கால் பட்டு செல்சியின் பீட்டர் செக்குக்கு மண்டையோடு உடைந்தது. மூன்று மாதத்தில், தலையில் பாதுகாப்புக் கவசத்தோடு, திரும்பி வந்தார். ஓய்வு பெறும்வரை அந்தக் கவசம் கூடவே இருந்தது. திரும்பி வந்தபின் அவர் மறுபடியும் ஆட்களின் காலடியில் விழுந்து பந்தை எடுத்தார் என்பதை நான் எப்போதும் மரியாதையோடு நினைப்பேன். பயம் இல்லாதவர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனமில்லை. என்ன நடக்கும் என்று முழுதாகத் தெரிந்த பிறகும் அதைச் செய்தவர் அவர்.

தவறுக்குப் பிறகு

ஒரு முன்கள வீரர் நான்கு வாய்ப்பை வீணாக்கிவிட்டு ஐந்தாவதில் கோல் போட்டால் நாயகன். கோல்கீப்பர் ஒன்பது ஷாட்டைத் தடுத்துவிட்டுப் பத்தாவதை நழுவவிட்டால் அந்தப் பத்தாவதுதான் பேசப்படும். 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில், மரக்கானாவில், உருகுவேயின் கிஜ்ஜியா அடித்த பந்து பிரேசில் கோல்கீப்பர் பார்போசாவுக்கும் அருகிலிருந்த கம்பத்துக்கும் இடையே உள்ளே போனது. கிராஸ் வரும் என்று அவர் எதிர்பார்த்தது நியாயமான கணிப்புதான், உருகுவேயின் முதல் கோல் அப்படித்தான் வந்திருந்தது. ஆனாலும் 2000இல் இறக்கும்வரை பழி அவரைவிட்டுப் போகவில்லை. ஒரு நாடு ஒரு தனிமனிதனுக்குச் செய்த பெரும் அநியாயம் அது.

2018 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லிவர்பூல் கோல்கீப்பர் லோரிஸ் கேரியஸ் இரண்டு பெரிய தவறுகள் செய்தார். அதற்கு முன்பே நடந்த ஒரு மோதலில் அவருக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்க வேண்டும் என்று பின்னர் மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் அதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. லிவர்பூல் அந்தக் கோடையிலேயே வேறு கோல்கீப்பரை, அலிசனை, வாங்கியது.

ஜெர்மனியின் ஒலிவர் கான் கதை வேறு மாதிரி போகிறது. 2002 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டத்துக்கு முன்பு அவர் வாங்கியது ஒரே ஒரு கோல். தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான், எந்த கோல்கீப்பருக்கும் அதுவரை கிடைக்காத ஒன்று. ஆனால் இறுதியில் ரிவால்டோவின் ஷாட் கையிலிருந்து நழுவி, ரொனால்டோ அதைக் கோலாக்கினார். அந்த ஆட்டத்தில் கானின் விரல் தசைநார் காயப்பட்டிருந்தது. அதை அவர் சாக்காகச் சொல்லவில்லை. 2006இல், சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையில், முதலிடம் யென்ஸ் லேமனுக்குப் போனது. இருவருக்கும் இடையே நட்பெல்லாம் இல்லை. அர்ஜென்டினாவுக்கு எதிரான காலிறுதி பெனால்டிக்குப் போனபோது கான் நேராக லேமனிடம் போய்க் கைகுலுக்கி ஊக்கம் சொன்னார். லேமன் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். இடம் பறிபோய் மாற்று வீரர் இருக்கையில் உட்கார்ந்திருந்தபோதும் அப்படி நடந்துகொள்வதும் நம்பகத்தன்மையின் ஒரு பகுதிதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெனால்டி பற்றி ஒன்று சொல்லிவிடலாம். இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், கோல்கீப்பர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு 94 முறை ஏதாவது ஒரு பக்கம் பாய்கிறார்கள் என்று கண்டார்கள். நடுவிலேயே நின்றிருந்தால் இன்னும் அதிகம் தடுத்திருக்கலாம். அவர்கள் தந்த விளக்கம் இது: பாய்ந்து கோல் வாங்கினால் முயன்றதாகத் தெரியும், நின்று வாங்கினால் சும்மா இருந்ததாகத் தெரியும். வேலை செய்வதுபோலத் தெரிய வேண்டும் என்ற அந்த அழுத்தம் பெனால்டியில் மட்டும் வருவதில்லை. கிராஸுக்குத் தேவையில்லாமல் ஓடுவதும், தனியாக வரும் ஆளின் காலில் அவசரப்பட்டு விழுவதும் அதே அழுத்தம்தான்.

கால்களுக்கும் வேலை வந்தது

1992இல் பேக் பாஸ் விதி வந்தது. சொந்த அணி வீரர் வேண்டுமென்றே காலால் தள்ளிக் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. இந்த ஒரு விதி அந்தத் தொழிலையே மாற்றிவிட்டது. 2019இல் கோல் கிக்கை, அதாவது கோலுக்கு அருகிலிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதையை, பெனால்டி பகுதிக்குள்ளேயே சக வீரர் வாங்கலாம் என்று ஆனபின், ஆட்டத்தைக் கட்டத் தொடங்கும் முதல் ஆளே கோல்கீப்பர்தான் என்றாகிவிட்டது. 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனியின் மானுவல் நோயர் பெனால்டி பகுதிக்கு வெளியே மீண்டும் மீண்டும் ஓடிவந்து பந்தை வெட்டியதைப் பார்த்தவர்களுக்கு, இந்த மாற்றம் எங்கே போகிறது என்பது புரிந்திருக்கும். 2016இல் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்த பயிற்சியாளர் பெப் குவார்டியோலா, பிரீமியர் லீக்கில் கோல்கீப்பர்களுக்கான கோல்டன் க்ளவ் விருதை நான்கு முறை வென்ற ஜோ ஹார்ட்டை ஓரங்கட்டினார். கைகளில் குறை இல்லை, கால்கள் போதவில்லை என்பதுதான் காரணம்.

சரி, கால் திறமை தேவைதான். ஆனால் இது கொஞ்சம் அளவுக்கு மீறிப் பேசப்படுகிறது என்பது என் எண்ணம். நாற்பது மீட்டர் பாஸ் அழகாகப் போடும் ஒருவர் கிராஸுக்குத் தயங்கினால், அணியின் தற்காப்பே தயங்கத் தொடங்கிவிடும். தற்காப்பு வீரர்கள் பின்னால் இருப்பவரை நம்பாதபோது கோலுக்கு அருகிலேயே ஒதுங்குகிறார்கள். அதனால் எதிரணிக்கு இன்னும் நெருங்கி வர இடம் கிடைக்கிறது. எந்தப் புள்ளிவிவரத்திலும் வராத சேதம் அது.

புள்ளிவிவரம் என்றால், கோல் வாங்காத ஆட்டங்களின் எண்ணிக்கையை, அதாவது கிளீன் ஷீட்டைத்தான் முதலில் சொல்வார்கள். செக் 2004-05 பருவத்தில் 24 கிளீன் ஷீட் எடுத்தது பெரிய சாதனை. ஆனால் அந்தச் செல்சி அணி முழுப் பருவத்திலும் வாங்கியது 15 கோல்தான், முன்னால் நின்ற தற்காப்பும் அப்படிப்பட்டது. 2006 உலகக் கோப்பையில் இத்தாலியின் பஃபன் ஏழு ஆட்டங்களில் வாங்கிய இரண்டு கோலில் ஒன்று சொந்த அணி வீரரின் காலில் பட்டது, இன்னொன்று ஸிடானின் பெனால்டி. இங்கே யாருக்கு எவ்வளவு பெருமை என்று பிரிப்பது கஷ்டம். இப்போது கிளப்புகள் பார்ப்பது, இலக்கை நோக்கி வந்த ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, கோலின் எந்த இடத்துக்கு வந்தது என்பதை வைத்து, அது கோலாக எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்ற மதிப்பை. எல்லாவற்றையும் கூட்டினால் 40 கோல் வர வேண்டியிருந்து, உண்மையில் 35தான் வந்தது என்றால், ஐந்து கோலை அவர் காப்பாற்றியிருக்கிறார். கிளீன் ஷீட்டைவிட இது எவ்வளவோ நேர்மையான கணக்கு. ஆனாலும் கிராஸை முன்கூட்டியே வந்து பிடித்ததால் நடக்காமல் போன ஷாட்டை அது எண்ணாது.

2025-26 பருவத்திலிருந்து, கையில் பந்தை எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர், அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து ஒரு உதை, என்ற விதியும் சேர்ந்திருக்கிறது. முன்னிலையில் இருக்கும் அணிக்காகப் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்த காலம் போய்விட்டது. இனி பிடித்த பந்தை எங்கே கொடுப்பது என்பதையும் சீக்கிரம் முடிவு செய்ய வேண்டும்.

ஆட்டத்தை முழுதாகப் பார்த்தபடி முடிவெடுத்துப் பழகிய இவர்களில் பலர், கையுறையைக் கழற்றிய பிறகு கிளப்புகளை நடத்தும் இடத்துக்குப் போயிருக்கிறார்கள். நெதர்லாந்தின் எட்வின் வான் டெர் சார் அயாக்ஸ் கிளப்பின் தலைமை நிர்வாகியானார், கான் பயர்ன் மியூனிக்கின் தலைமை நிர்வாகியானார். செக் செல்சியின் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தார். ஸோஃப் பயிற்சியாளராகி, 2000 ஐரோப்பியக் கோப்பையில் இத்தாலியை இறுதி வரை கொண்டுபோனார். 17 வயதில் பார்மாவுக்காக முதல் ஆட்டம் ஆடிய பஃபன், அதே பார்மாவில் 45 வயதில் 2023இல் ஓய்வு பெற்று, உடனே இத்தாலிய தேசிய அணியின் நிர்வாகக் குழுத் தலைவராகப் பொறுப்பேற்றார்.